போன் நம்பரை எடுத்ததும் ஒரு கருத்துதான்

கேள்வி: மேடம், எனக்கு வயது 31. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். பி.சி.ஏ. முடித்துவிட்டு கோவையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஹோம்ஸ்டே, சிறு தேயிலை விவசாயிகள், ஒரு நர்சரி பள்ளி என்று பதினான்கு பேருக்கு வலைத்தளம் செய்துகொடுத்துப் பராமரிக்கிறேன். என் பெயரிலும் ஒரு தளம் உண்டு. அதில் வலைத் தொழில்நுட்பம் பற்றி எழுதுவேன். "இனி படிவமும் சாட்பாட்டும் போதும், தளத்தில் போன் நம்பர் போடுவது பழைய காலம்" என்று எழுதியதை நிறைய பேர் பாராட்டினார்கள். ஊர் விஷயமும் அங்கேயே எழுதுவேன். மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஒன்று. யானை வழித்தடத்தில் உள்ள ரிசார்ட்டுகளை அகற்ற வேண்டும் என்று ஒன்று. என் பெரியப்பா மகள் வேறு சமூகத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடந்துகொண்ட விதம் பற்றி ஒன்று.

மூன்றும் தொல்லையில் முடிந்தன. இரண்டு ஹோம்ஸ்டேக்காரர்கள் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மசினகுடியில் ஜீப் ஓட்டும் சித்தப்பா ஒரு கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேயிலை ஃபேக்டரியில் இருந்து ரிட்டையர் ஆன அப்பா, "கம்ப்யூட்டரைப் பத்தி மட்டும் எழுது, ஊர் வம்பு எதுக்கு" என்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொழில்நுட்பம் மட்டும் எழுதட்டுமா? இல்லை, புனைபெயரில் தனியாக எழுதட்டுமா? கேஸ் கீஸ் வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், கோத்தகிரி வட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். தளத்தைப் படித்தது குன்னூர் – கோத்தகிரி பஸ்ஸில். வேண்டுமென்றேதான். இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எந்தத் தளமாக இருந்தாலும் முதல் தடவை பஸ்ஸில் வைத்துத்தான் திறப்பேன்.

கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் 4ஜி போய், மெதுவான பழைய நெட்வொர்க்கைக் காட்டும் 'ஈ' என்று ஒற்றை எழுத்து வந்து நின்றது. அப்போதுதான் உங்கள் யானைக் கட்டுரையைத் தொட்டேன். தளத்தின் பெயர் வந்தது. வட்டம் ஒன்று சுற்றியது. யானை வரவில்லை. சரி, போட்டோ பெரிதாக இருக்கும், எழுத்தாவது வரும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தை இயக்கும் நிரல், முழுசாக இறங்கி, அது போய்க் கட்டுரையை எடுத்துவந்து பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று அமைத்திருக்கிறீர்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீ சொல்லி, வர்க்கியை அதில் தொட்டுத் தின்று முடித்த நேரத்தில் கட்டுரை வந்து சேர்ந்தது. போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், அந்த ஒரு படம் மட்டும் 4 எம்பிக்கு மேல்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் அப்பா சொன்னதை நான் தலைகீழாகப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் வம்பில்லை, ஊரைப் பற்றி எழுதினால்தான் வம்பு என்கிறார் அவர். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. ஊரைப் பற்றி எழுதிய மூன்றையும் ஜனங்கள் படித்தார்கள், கோபப்பட்டார்கள், அவ்வளவுதான். ஒரு வண்டியும் அதனால் நிற்கவில்லை, ஒரு ரிசார்ட்டும் மூடவில்லை. போன் நம்பர் கட்டுரை மட்டும்தான் அமலுக்கு வந்தது. அதுவும் உங்கள் கையாலேயே.

நீங்கள் செய்துகொடுத்த தளங்களின் பட்டியல் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பதினான்கையும் திறந்து பார்த்தேன். ஒன்பதில் போன் நம்பர் இல்லை. அதில் ஒன்று, ஒரு அம்மா தன் பழைய வீட்டின் இரண்டு அறைகளை விடுகிற ஹோம்ஸ்டே. வாசலில் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்க, ஸ்வெட்டரும் கழுத்துச் சால்வையுமாக நிற்கிறார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வீட்டில் தங்க எனக்கே ஆசை வந்தது. நம்பரைத் தேடினேன். படிவம்தான் இருந்தது. பெயர், மின்னஞ்சல், வரும் நாள், போகும் நாள் எல்லாம் நிரப்பினேன். அப்புறம் "பஸ் உள்ள கட்டங்களைத் தொடுக" என்று ஒன்பது கட்டம் வந்தது. எல்லாம் அமெரிக்காவின் மஞ்சள் ஸ்கூல் பஸ். மூன்று தடவை தப்பு என்று சொல்லி நாலாவது தடவை என்னை மனுஷி என்று ஒத்துக்கொண்டது. "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று தானாக ஒரு பதில். இதை எழுதும்போது ஆறு நாள் ஆகிறது, யாரும் தொடர்புகொள்ளவில்லை. அந்த அம்மா மின்னஞ்சல் பார்ப்பாரா என்று நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். போன் அடித்தால் எடுத்திருப்பார்.

தளத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்கிற ஒவ்வொரு தடவையும் யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கட்டும் என்றுதான் முடிவு செய்கிறோம். இதைச் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. முகத்தில் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வை இல்லாதவர்களும் வழக்குப் போட்டார்கள். வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று போனால், ஆளை உறுதி செய்யும் ஆன்லைன் சோதனையான இ-கேஒய்சிக்கு கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டு என்றது. இமையே இல்லாமல் போனவர் எப்படிச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவையை அணுகுவதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. 20 வழிகாட்டுதல்களையும் கொடுத்தது. 'கண்ணைச் சிமிட்டச் சொல்லலாம், எளிது' என்று எங்கோ ஓர் அறையில் உங்களையும் என்னையும் போன்ற ஓர் ஆள் சொன்ன தொழில்நுட்பக் கருத்துதான் அங்கே போய் முடிந்தது. அந்த ஆளுடைய அப்பாவும் மகன் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் பேசுகிறான் என்று நிம்மதியாக இருந்திருப்பார்.

ஆகவே 'தொழில்நுட்பம் மட்டும் எழுதட்டுமா' என்ற கேள்விக்கு என் பதில்: எழுதுங்கள், ஆனால் அது பத்திரமான மூலை என்று நினைத்து அங்கே போய் ஒதுங்காதீர்கள்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கட்டுரையும் ஒரே ரகம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோணியில் கட்டி ஆற்றில் விடப் பார்க்கிறீர்கள்.

இ-பாஸ் கட்டுரை நன்றாக இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-ல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பு வந்தது, மலை எத்தனை வண்டி தாங்கும் என்று சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் ஆராயச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒழுங்காகத் தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. காரை மட்டும் எண்ணிவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னும் நாலு பஸ் கூட்டாமல் இருந்தால் யாருக்கு என்ன லாபம் என்பது என் கட்சி. இருக்கட்டும். அந்தக் கட்டுரையில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உங்கள் வண்டி டி.என். 43, நீலகிரிப் பதிவெண். என் வண்டியும் அதுதான். நமக்குப் பாஸே தேவையில்லை. நமக்கு வலிக்காத கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கு என்று சொல்கிறவர்கள், அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம் "இரண்டு நிமிஷ வேலை, இதுகூடத் தெரியாதவர்கள் எதற்கு மலைக்கு வருகிறார்கள்" என்று ஒரு வரி. போன சீசனில் கல்லாறில் ஒரு வேன் டிரைவர் தன் பட்டன் போனை எடுத்து போலீஸ்காரரிடம் நீட்டி, "இதுல வருமா சார்?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேனுக்குள் மொட்டை போட்ட குழந்தைகள், ஒரு பாட்டி, புளிசாத வாசனை. பின்னால் வந்த காரில் இருந்த ஒரு பையன் இறங்கி தன் போனில் போட்டுக் கொடுத்தான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். கட்டுரை நிற்கட்டும். அதனால் ஒரு வாடிக்கையாளர் போனால் போகட்டும், வருமானம் அடிபடும் என்று பயப்படுகிற ஹோம்ஸ்டேக்காரருக்கு உங்கள் மேல் கோபம் வருவது நியாயம், உங்களுக்கு உங்கள் கருத்து இருப்பதும் நியாயம்.

யானைக் கட்டுரை அப்படி இல்லை. மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி, அங்கே யானை வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணை, 2011-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2020 அக்டோபர் 14 அன்று சுப்ரீம் கோர்ட் வழித்தடத்தை உறுதி செய்தது எல்லாம் சரி. யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. பிரச்சினை தீர்ப்பில் இல்லை, ஏழாவது பத்தியில் இருக்கிறது. "மசினகுடிக்காரனுக்கு யானையைவிடக் காசுதான் பெருசு."

இந்த ஒரு வரியை நான் பத்து தடவையாவது படித்திருப்பேன். 2021 ஜனவரியில் எரிகிற டயரை யானை மேல் வீசிய அந்த வீடியோவைப் பார்த்த ஆத்திரத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் வீசியது யார்? இரண்டு மூன்று ஆட்கள். நீங்கள் எழுதியது மசினகுடிக்காரன் என்று. 'காரர்கள்' கூட இல்லை, 'காரன்'. அந்த 'ன்'னில் உங்கள் சித்தப்பாவும் இருக்கிறார். மின்திட்ட வேலைக்கு வந்து அங்கேயே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ரிசார்ட்டே வைக்காத இருளர், குறும்பர் வீடுகளும் இருக்கின்றன. அதே வாரம் இன்னொரு வீடியோவும் பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? இறந்துபோன அந்த யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வனத்துறை ஊழியர் அழுவாரே. அவரும் அந்தக் காட்டுப் பக்கத்து மனுஷர்தான். ஏழாவது பத்தியில் அவருக்கு இடமில்லை.

சித்தப்பா முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் ரிசார்ட்டை அகற்றச் சொன்னது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜீப் ஓட்டுகிறவருக்கு உங்களைவிட அந்த வழக்கு நன்றாகத் தெரியும், யானையும் தெரியும். கட்டுரை எழுதும் முன் அவரிடம் ஒரு போன் செய்து, "சித்தப்பா, அங்க என்ன நிலவரம்?" என்று கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை, மாறாமலும் இருந்திருக்கலாம். அந்த 'காரன்' மட்டும் வந்திருக்காது.

அதே கட்டுரையில் ஒரு ரிசார்ட் பெயரை எழுதி, அவர்கள் மின்வேலியில் என்ன செய்கிறார்கள் என்று "சொல்லிக்கொள்கிறார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. யார் சொல்லிக்கொள்கிறார்கள்? உங்களிடம் ஆவணம் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் இதைப் படித்து முடித்த கையோடு அந்த வரியை எடுத்துவிடுங்கள். கேஸ் பற்றிக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து வம்பு வரக்கூடிய இடம் அது ஒன்றுதான். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இவ்வளவாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2012-ல் மும்பை பக்கம் பால்கரில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்கும் அதற்குப் போட்ட லைக்குக்குமாக இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். அதற்கு உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று தள்ளிவிட்டது. அப்புறமும் சில ஸ்டேஷன்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், 2022-ல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அது போனாலும் அவதூறு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500-தான் எண் மாறி வந்திருக்கிறது. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கும், பொது விஷயத்தில் நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயத்துக்கும் அதில் விலக்கு உண்டு. "சொல்லிக்கொள்கிறார்கள்" என்பதற்கு விலக்கு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கு 196-வது பிரிவு. இனி ஒருவர் பெயரையோ ஒரு சமூகத்தின் பெயரையோ கோபத்தில் எழுதும் நாளில், பதிவேற்றும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது கட்டுரையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உங்கள் நோக்கம் நல்லது. பெரியவர்கள் செய்தது தப்பு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பெரியப்பா மகள் எந்த வருடம் படித்தாள், எந்த ஊரில் வேலை பார்த்தாள், எந்தக் கோயிலில் தாலி கட்டினாள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பெயர் மட்டும்தான் இல்லை. இந்த மலையில் இது போதும், பெயர் தேவையில்லை. அவளிடம் கேட்டீர்களா? அது உங்கள் கருத்து அல்ல தம்பி, அவளுடைய வாழ்க்கை. இதை மட்டும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு அவளுக்குப் போன் செய்து எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவள் வேண்டாம், இருக்கட்டும் என்றால் திரும்பப் போடலாம்.

வாடிக்கையாளர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ஒரு சின்னத் தொழில்நுட்பக் காரணமும் கண்ணில் பட்டது. ஹோம்ஸ்டே தளங்களின் அடியில் "உருவாக்கம்" என்று போட்டு உங்கள் சொந்தத் தளத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள். சென்னையில் இருந்து அறை பார்க்கிற ஒரு குடும்பம் அதைத் தொட்டால் நேராக எங்கே போய் விழுகிறது? "வண்டிகளே, வராதீர்கள்" என்ற கட்டுரையின் மடியில்! ஹோம்ஸ்டேக்காரருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? வாட்ஸ்அப்பும் அப்படித்தான். தொழில் நம்பரும் சொந்த நம்பரும் ஒன்று, ஸ்டேட்டஸில் காலையில் யானை, மதியம் "இந்த மாதப் பராமரிப்புக் கட்டணம் நிலுவை". தொழிலுக்குத் தனி டொமைன் ஒன்று வாங்குங்கள், அடிக்குறிப்பு இணைப்பு அங்கே போகட்டும். தனி சிம் ஒன்று. கருத்துத் தளம் உங்கள் பெயரிலேயே அதன் இடத்தில் இருக்கட்டும், பழைய முகவரிகளை மாற்றாதீர்கள்.

பெரிய இடத்திலும் இந்தச் சிக்கல் வந்ததுண்டு. ஜாவாஸ்கிரிப்டை 1995-ல் பத்தே நாளில் எழுதிய பிரெண்டன் ஐக், 2008-ல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் வாக்கெடுப்புக்கு ஆதரவாக 1,000 டாலர் கொடுத்திருந்தார். 2014 மார்ச் 24-ல், ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரைத் தருகிற மொசில்லாவின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். பழைய நன்கொடையை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்புக் கிளம்பியது. ஏப்ரல் 3-ல் விலகினார். மொழிக்குப் பத்து நாள், பதவிக்கும் பத்து நாள். ஃபயர்ஃபாக்ஸில் வராதே, வேறு பிரௌசரில் வா என்று ஒரு டேட்டிங் தளம் அறிவிப்புப் போட்டது. அந்தத் தளமும் ஜாவாஸ்கிரிப்டில்தான் ஓடியது என்பது வேடிக்கை. அவரை அனுப்பியது சரியா என்று எங்கள் தொழிலில் இன்னும் இரண்டு கட்சி. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவர் அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த வருடங்களில் அந்தக் கருத்தோடுதான் வேலை பார்த்தார், எல்லாரும் அவர் எழுதியதைப் பயன்படுத்தினார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கருத்து நிறுவனத்தின் கருத்தாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒற்றை ஆளாகத் தொழில் செய்கிற உங்களுக்கு முதல் நாளிலிருந்தே அந்த நாற்காலிதான். அதனால்தான் தனித்தனி முகவரி வையுங்கள் என்கிறேன். ஒளிந்துகொள்ளச் சொல்லவில்லை.

புனைபெயர் வேண்டாம் என்றே சொல்வேன். தமிழில் அதற்கு நல்ல பரம்பரை உண்டு, எனக்கு அதில் ஒவ்வாமை இல்லை. எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே அந்த எஸ்டேட்டைப் பற்றி எழுதுகிற தொழிலாளிக்கு வேண்டும். அடிக்கிற புருஷனோடு இருந்துகொண்டு எழுதுகிற பெண்ணுக்குக் கட்டாயம் வேண்டும். நீங்கள் எழுதுவது பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றி, அவர்கள் எல்லாம் பெயரோடும் முகத்தோடும் இங்கே இருக்கிறார்கள். மறைக்கவும் முடியாது. ஒரே டெம்ப்ளேட், வருகையைக் கணக்கெடுக்கும் ஒரே அனலிட்டிக்ஸ் எண், 'நிச்சயமாக' என்று எல்லாப் பத்தியிலும் வருகிற உங்கள் வழக்கம்... கோத்தகிரியில் ஒரு வாரம் தாங்காது.

முகவரி தானாக வெளியே வந்த கதை ஒன்று என்னிடமும் உண்டு. 2015 ஏப்ரலில், எல்லாத் தளத்தையும் இணையத்தில் சமமாக நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டிக்காக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் போனதே, நானும் ஒன்று அனுப்பினேன். அத்தனையையும் அனுப்பியவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரியோடு டிராய் தன் தளத்தில் பொதுவில் போட்டுவிட்டது. பல மாதம் எனக்கு லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வந்துகொண்டே இருந்தது. 2016 பிப்ரவரி 8-ல் நாங்கள் கேட்டபடி உத்தரவு வந்தது. முகவரி போனதற்கு இப்போது வருத்தமில்லை.

அழிப்பது பற்றி. அழித்தால் போய்விடும் என்று நம்புகிறீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் வலைப்பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் சொந்தக்காரர்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அதைவிட உறுதி. 2003-ல் நான் "தமிழுக்கு யூனிகோட் ஒத்துவராது, திஸ்கியே போதும்" என்று பெரிய வீறாப்போடு ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டும் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைக் குறிக்கும் முறைகள்; யூனிகோட் எல்லா மொழிக்கும் பொது, திஸ்கி தமிழுக்கென்று செய்தது. எதிர்க் கருத்துச் சொன்னவர்களை நாலு வார்த்தை திட்டியும் இருந்தேன். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், எனக்குத்தான் பிடிக்கவில்லை. 2010-ல் தமிழக அரசே யூனிகோடை ஏற்றது. என் கட்டுரை இன்றும் ஆர்க்கைவில் இருக்கிறது. திஸ்கி எழுத்துரு யாரிடமும் இல்லாததால் வெறும் கொம்பும் சுழியும் பவுண்டு குறியுமாகத் தெரிகிறது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள், நான் எழுதும்போதே கெடுத்து வைத்திருந்தேன். யாருக்கும் படிக்க முடியாது என்று சந்தோஷமாக இருந்தேன். போன வருடம் என் மகள் ஏதோ எழுத்துரு மாற்றியில் போட்டு, சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்துக் காட்டினாள். திட்டின வார்த்தைகள் உட்பட.

அதனால் பெரியப்பா மகள் விஷயத்தைத் தவிர மற்றதை அழிக்காதீர்கள், திருத்துங்கள். வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் இதற்கென்றே இரண்டு குறி இருக்கிறது, 'டெல்' என்றும் 'இன்ஸ்' என்றும். எடுத்த வரியை முதலாவதில், புதிதாகச் சேர்த்ததை இரண்டாவதில் வைக்கலாம், எந்தத் தேதியில் திருத்தியது என்றும் உள்ளேயே எழுதலாம். நம் தொழிலில் நிறைய பேர் இதைத் தொட்டதே இல்லை. "மசினகுடிக்காரன்" வரி கோடு போட்டபடி அங்கேயே இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று வரட்டும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள் பல சமயம் இந்தக் கோட்டைச் சொல்லாமல் தாண்டிவிடும், ஆகவே "திருத்தம்" என்று எழுத்திலும் போடுங்கள். ரிசார்ட் பெயர் வரிக்கு மட்டும் இந்த மரியாதை வேண்டாம், அதை முழுசாக எடுத்துவிட்டு, ஆதாரமில்லாத ஒரு வரி நீக்கப்பட்டது என்று எழுதினால் போதும். கட்டுரை எழுத்து ஜாவாஸ்கிரிப்டுக்குக் காத்திராமல் நேராக வரட்டும். யானைப் படத்தை 150 கேபிக்குள் சுருக்குங்கள்.

சித்தப்பாவிடம் இந்தத் திருத்தத்தை ஸ்டேட்டஸில் காட்டாமல், நேரில் போய்ப் பாருங்கள். கல்லட்டி வழியில் இறங்கினால் அரை நாள்தான்.

இதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரியே, அந்த அம்மாவின் ஹோம்ஸ்டே பக்கத்தில் போன் நம்பரைப் போட்டுவிடுங்கள். மேலேயே, பெரிதாக, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி. எனக்கு 14, 15 இரண்டு நாளும் ஓர் அறை வேண்டும்.